பெருங்காயத்தை எப்போது போடுவது? தாளிப்பு வரிசைக்குக் காரணம் உண்டா?

3 பிப்ரவரி 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

தாளிப்பில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஒரு வரிசையைப் பெரியவர்கள் வலியுறுத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. நான் எல்லாவற்றையும் ஒன்றாகவே எண்ணெயில் கொட்டுகிறேன். பெருங்காயத் தூளைச் சில நாள் தாளிப்பிலும் சில நாள் கொதிக்கும் புளித் தண்ணீரிலும் போடுகிறேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. இது வெறும் பழக்கம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 பிப்ரவரி 2024

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியும் வேறுபாடு தெரியவில்லை என்றால், உங்கள் எண்ணெய் காயவில்லை என்றுதான் பொருள். கடுகு வெடிப்பது அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால். அதற்கு நல்ல சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கடுகுடன் சேர்ந்து இறங்கிய வெந்தயம், கடுகு அடங்கும்போது கறுத்திருக்கும். பொன்னிறத்திலிருந்து சற்றே சிவக்கும் வரை வெந்தயத்திற்கு ஒரு மணம். அதைத் தாண்டினால் கசப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

நான் பிறந்தது கும்பகோணம், வாழ்க்கைப்பட்டது திருநெல்வேலி. இரண்டும் சைவச் சமையல் வீடுகள்தாம், ஆனால் சட்டங்கள் வேறு. திருமணமான முதல் மாதத்தில் வத்தக்குழம்பிற்கு நான் தாளித்ததைப் பார்த்துவிட்டு மாமியார் "வெந்தயம் கறுத்தா கொழம்பு செத்துச்சும்மா" என்று சொல்லி, அந்த எண்ணெயை அப்படியே கீழே ஊற்றிவிட்டு மறுபடி தாளிக்கச் சொன்னார். நல்லெண்ணெய் வீணாகிறதே என்று எனக்கு மனம் பதறியது. அவருக்குப் பதறவில்லை. கருகிய தாளிப்பை உருண்டை வெல்லத்தைப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பெருங்காயத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இன்னும் தீராத வழக்கு.

5 பிப்ரவரி 2024

கும்பகோணத்தில் அம்மா வைத்திருந்தது கட்டிப் பெருங்காயம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், காகிதத்தில் பொதிந்து, கறுத்த பழுப்பு நிறத்தில் மெழுகுபோல இருக்கும். அதில் ஒரு சுண்டைக்காய் அளவு கிள்ளினால் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு விடாது; கிண்ணத்தின் விளிம்பில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதைக் கால் டம்ளர் தண்ணீரில் காலையிலேயே ஊறப்போட்டுவிடுவார். புளித் தண்ணீர் கொதி வரும்போது அந்தப் பால் போன்ற நீரை ஊற்றுவார். தாளிப்பில் பெருங்காயம் போடவே மாட்டார், கருகிவிடும் என்பார்.

மாமியாரோ அதே கட்டியை நெய்யிலோ நல்லெண்ணெயிலோ பொரிப்பார். அது வடகம்போல உப்பி, உள்ளே பொருபொருவென்று ஆகும். எடுத்து ஆறவைத்து விரல்களுக்கு இடையே நொறுக்கிப் போடுவார். தண்ணீரில் கரைத்த பெருங்காயத்திற்குப் "பச்சை நாத்தம்" உண்டு என்பது அவர் தீர்ப்பு.

நான் புரிந்துகொண்ட வரையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். பசையும் பிசினும் வாசனை எண்ணெயும் கலந்தது. பசை தண்ணீரில் கரையும், பிசினும் எண்ணெயும் கொழுப்பில் கரையும். தண்ணீரில் ஊறியது கந்தகச் சேர்மங்களின் கூரிய வாசனையோடு நேரே குழம்பில் இறங்குகிறது. நெய்யில் பொரிந்ததில் அந்தக் கூர்மை மழுங்கி, வதக்கிய வெங்காயத்தை ஒத்த மணம் வருகிறது. ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கேள்வி கேட்டவர் போடுவது தூள். கடைத் தூளில் பெருங்காயம் சிறு பங்குதான்; மீதி மைதாவோ அரிசி மாவோ, வேலம்பிசின் வகையோ. மாவு காய்ந்த எண்ணெயில் நொடியில் கருகும். ஆகவே தூளை அடுப்பை அணைத்த பிறகு, எண்ணெயின் மிச்சச் சூட்டில் போடுங்கள். அம்மாவின் "கருகிவிடும்" என்ற எச்சரிக்கை தூளுக்கே சரியாகப் பொருந்துகிறது. அவரோ வாழ்நாளில் தூள் வாங்கியதே இல்லை.

கோதுமை ஒவ்வாதவர்கள் கடைத் தூளின் உறையைப் படித்துவிட்டு வாங்கவும்.

5 பிப்ரவரி 2024, இரவு

பெருங்காயம் இந்தியாவில் விளைவதே இல்லை, முழுவதும் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்துதான் வருகிறது என்று வேறொரு பதிலில் எழுதியிருந்தேன். ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூரில் உள்ள மைய அரசின் ஆய்வு நிறுவனம் 2020 அக்டோபரில் முதல் கன்றுகளை நட்டது. பிசின் எடுக்கும் பருவத்திற்கு அந்தச் செடி வளர ஐந்து ஆண்டுகளாவது ஆகும் என்பதால் நம் டப்பாவில் இருப்பது இன்னும் வெளிநாட்டுச் சரக்குதான். குளிர்ந்த வறண்ட மலையில் விளையும் ஒன்று காவிரிக் கரையின் ரசத்திற்குள் எப்படி இத்தனை உரிமையோடு உட்கார்ந்துகொண்டது என்பது எனக்கு ஓயாத வியப்பு.

11 பிப்ரவரி 2024

சொல்லிவிட்டு ஓய்வது அழகல்ல என்று இன்று சோதித்தேன். ஒரே புளித் தண்ணீர், ஒரே பருப்புத் தண்ணீர், ஒரே ரசப்பொடி, இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் ஊறிய பெருங்காயம், மற்றதில் நெய்யில் பொரித்தது. கணவருக்கும் மகனுக்கும் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். கணவர் பொரித்ததை "நம்ம வீட்டு ரசம்" என்று உடனே அடையாளம் கண்டுகொண்டார். மகன் இரண்டையும் குடித்துவிட்டு உப்பு குறைகிறது என்றான். உப்பு குறைந்துதான் இருந்தது.

ஊறவைத்ததில் முதல் வாயிலேயே பெருங்காயம் தெரிகிறது. பொரித்ததில் விழுங்கிய பிறகு தெரிகிறது. எது மேல் என்று நான் சொல்லப்போவதில்லை. காய்ச்சல் வந்தால் எனக்கு வேண்டியது முதலாவது.

20 பிப்ரவரி 2024

கடுகைப் பற்றிய ஒரு துணைக்கேள்விக்குப் பதில். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியைத் தாளிப்பை வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் வெடித்த கடுகில் காரமே இல்லை. பச்சைக் கடுகை நொறுக்கி ஈரம் பட வைத்தால் அதற்குள் தனித்தனியே இருக்கும் இரண்டு பொருள்கள், அவற்றில் ஒன்று நொதி, ஒன்றோடொன்று சேர்ந்து அந்த மூக்கில் ஏறும் காரத்தை உண்டாக்குகின்றன. காய்ந்த எண்ணெய் அந்த நொதியை அழித்துவிடுகிறது. எஞ்சுவது கொட்டைப்பருப்பைப் போன்ற மணம் மட்டுமே. ஆகவே தயிர்ப் பச்சடியில் தேங்காயோடும் பச்சை மிளகாயோடும் பச்சைக் கடுகை அரைத்துவிடுவதும், மேலே கடுகு தாளிப்பதும் ஒரே வேலையைத் திரும்பச் செய்வதல்ல. அம்மா இரண்டையும் செய்வார். சிக்கனம் கருதி ஒன்றை விட்டுவிடலாமா என்று நான் சிறுமியாக இருந்தபோது கேட்டதற்கு, "அது நாக்குக்கு, இது மூக்குக்கு" என்றார். நொதியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க வழியில்லை.

ஒரு எச்சரிக்கை: கடுகை அதிக நேரம் அரைத்தால் கசக்கும். கடைசியில் போட்டு இரண்டு சுற்று போதும்.

2 மார்ச் 2024

"ரசத்தைக் கொதிக்க விடாதே, நுரை கூடியதும் இறக்கு" என்பதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். மிளகு, சீரகம், கொத்தமல்லித் தழை ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. தளதளவென்று கொதிக்கும் பாத்திரம் தெரு முழுவதற்கும் மணம் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தில் புளிப்பை மட்டும் வைக்கும். புளித் தண்ணீர் பச்சை வாசனை போக முன்னமே கொதித்திருக்க வேண்டும், பொடித்த மிளகு சீரகம் பிறகு, தழை இறக்கிய பின். தழையின் காம்பை மட்டும் முன்னமே போடலாம்; காம்பில் மணம் சற்று நின்று பிடிக்கும்.

ஈயச்சொம்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சட்டமும் உண்டு: முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை சொம்பின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், ஆபத்தில்லை. அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த சொம்பை, புளி கரைத்துக்கொண்டிருந்த அவசரத்தில் வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட்டேன். அடிப்பக்கம் பளபளவென்று ஒரு சொட்டு தெரிந்தது. என்ன இது என்று குனிவதற்குள் அடியே கழன்று பர்னர் மேல் வெள்ளிக் குட்டையாகப் பரவிவிட்டது. எட்டு வயது மகன் கைதட்டினான். நான் அம்மாவிடம் இரண்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

புதிதாக வாங்குவோர் கலப்பற்ற வெள்ளீயமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்தது நஞ்சு, அதிலும் புளிப்பு ஊற்றுவது மேலும் கெடுதல்.

3 மார்ச் 2024

அந்தச் சொம்பு என்னவாயிற்று என்று பலர் கேட்கிறார்கள். எடைக்குப் போட்டுவிட்டேன். ரசத்தைப் பற்றிக் கேளுங்கள்.

17 மார்ச் 2024

"பருப்பும் காயும் வேகும் முன் உப்பையும் புளியையும் காட்டாதே" என்பது இரண்டு வீடுகளிலும் ஒன்றாகச் சொல்லப்பட்ட அரிதான சட்டம். மாமியாரும் அம்மாவும் ஒத்துப்போன ஒன்று தவறாக இருக்காது என்று நானும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். புளிப்பு பட்டால் காயின் சதையைப் பிணைத்திருக்கும் பெக்டின் இளகாமல் விறைத்து நிற்கும் என்பதே காரணம். சாம்பாரில் முருங்கைக்காய் நார் நாராகக் கடிபடுவதற்குப் பெரும்பாலும் காயைக் குறை சொல்வோம். குற்றவாளி அவசரப்பட்டு ஊற்றிய புளி. சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்குக்கு மட்டும் புளியை முன்னமே காட்டச் சொல்வார்கள், அரிப்பு அடங்குவதற்காக.

24 மார்ச் 2024

மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். துவரம்பருப்பை மூன்று சிறு கிண்ணங்களில் ஒரே குக்கரில் வைத்தேன்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் புளித் தண்ணீர். நான்கு விசில். வெறும் தண்ணீரிலும் உப்பிலும் இருந்தவை ஒரே மாதிரி குழைந்தன. புளியில் இருந்தது விதை விதையாக, மத்தை வைத்து அழுத்தினால் நழுவி ஓடியது. ஆக, புளி குற்றவாளி. உப்பு இத்தனை ஆண்டுகளாகக் கூட்டாளியாகச் சந்தேகிக்கப்பட்டு வந்திருக்கிறது. கிணற்று உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாததைக் கண்டு இந்தச் சட்டம் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது; ஆனால் அங்கே தடுப்பது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர், சமையலுப்பு அல்ல.

மகளுக்குத் தொலைபேசியில் திருத்தம் சொன்னேன். தான் எப்போதும் உப்பை முதலிலேயே போட்டு வருவதாகச் சொன்னாள்.

25 மார்ச் 2024

"ஆயிரம் ஆண்டு அனுபவத்தைக் குக்கரில் வைத்துச் சோதிப்பதா" என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். ஆயிரம் என்று எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. மிளகாயே போர்த்துக்கீசியர் கப்பல்களோடு பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வந்தது. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். சங்கப் பாடல்களில் கறி என்ற சொல்லே மிளகையும் குறிக்கிறது. பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாயை ஒதுக்கி மிளகு போடுவதில் அந்தப் பழைய சமையலின் சாயலைப் பார்க்கலாம். தக்காளியும் பின்னால் வந்ததே. என் அம்மாச்சி ரசத்தில் தக்காளி போட்டதில்லை, யாராவது போட்டால் "பழக்கொழம்பு" என்று நகர்த்தி வைத்துவிடுவார். சட்டங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, நமக்குக் கிடைத்தது கடைசியாக யாரோ மாற்றிய படி.

6 ஏப்ரல் 2024

சொதி திரிந்துவிட்டது என்று ஒரு புதுமணப்பெண் எழுதியிருந்தார். திருநெல்வேலியில் சொதி என்பது மறுவீட்டு விருந்தின் கௌரவம், ஆகவே அவர் பதற்றம் எனக்குப் புரிகிறது. முழு வரிசையையும் சொல்கிறேன். காய்களைத் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவிட வேண்டும். பாசிப்பருப்பு தனியே மலர வெந்து சேர வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த சாறு அதன் பின். தலைப்பாலை அடுப்பைக் குறைத்து ஊற்றி, ஓரத்தில் ஆவி கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிச் சற்று ஆறிய பிறகே. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியாமல் என்ன செய்யும்? மாமியார் சொதிப் பானையைக் கீழே இறக்கி வைத்து, அதன் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்து, இரண்டு எண்ணும் வரை கை தாங்கினால்தான் பிழிவார்.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். தேங்காய்ப்பாலின் மந்தத்தை இஞ்சி சரிசெய்யும் என்று சொல்வார்கள். நான் மறுக்கவில்லை, துவையல் இல்லாவிட்டால் மூன்றாம் கரண்டியில் வாய் திகட்டிவிடுகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

7 ஏப்ரல் 2024

வரிசையைப் பற்றிப் பேசும்போது மஞ்சளை விட்டுவிட்டோம். கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று ஒருமுறை ஆப்பச் சோடாவைப் போட்டு, வழக்கப்படி மஞ்சள் தூளையும் தூவினேன். மூடியைத் திறந்தால் தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. காரம், அதாவது சுண்ணாம்பு போன்ற காரப் பொருள், பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி கரைப்பதும் இந்த வித்தைதான். மாமியார் எட்டிப்பார்த்து, "யாருக்கு ஆலாத்தி?" என்றார். சாப்பிடக் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை.

28 ஏப்ரல் 2024

புது மிளகாய் வந்துவிட்டது, ஆண்டுப் பொடி அரைக்கும் காலம். எங்கள் அம்மா வீட்டு அளவு கேட்டவர்களுக்கு: மல்லி ஒரு கிலோ, மிளகாய் வற்றல் அரைக் கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 200 கிராம் வீதம், மிளகு 100 கிராம், வெந்தயம் 50 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம். மிளகாயில் பாதி நீட்டு, பாதி குண்டு. இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்குச் சென்ற ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் தெருக் கடையில் உள்ள குண்டு மிளகாய் எல்லாம் இராமநாதபுரத்தில் பிறந்ததாகிவிட்டது.

மிளகாயும் மல்லியும் இரண்டு நாள் வெயில். பருப்பும் வெந்தயமும் தனித்தனியே வறுப்பு. சேர்த்து வறுத்தால் பருப்பு சிவக்கும் முன் வெந்தயம் என்ன ஆகும் என்பதை முதல் குறிப்பிலேயே சொல்லிவிட்டேன். மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பாருங்கள். சீயக்காய் என்றால் வீட்டிற்குத் திரும்பி மறுநாள் போங்கள். நான் ஒருமுறை திரும்பாமல் நின்றேன். அந்த ஆண்டு சாம்பார் தலைக்குக் குளித்த மணத்தோடு ஆடி மாதம் வரை ஓடியது.

அரைத்து வந்த பொடி சூடாக இருக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்த ஈரம் பொடியில் சொட்டிக் கட்டி தட்டும், பிறகு பூசணம். செய்தித்தாளில் பரப்பி, கையை உள்ளே விட்டுப் பார்த்து, நடுவிலும் ஆறிய பிறகு அடையுங்கள்.

29 ஏப்ரல் 2024

பொடியோடு பெருங்காயத்தையும் சேர்த்து அரைக்கலாமா என்று கேள்வி தொடங்கிய இடத்திற்கே வந்திருக்கிறது. மாமியார் வீட்டில் இடிசாம்பாருக்கு வறுத்து இடிக்கும்போது பொரித்த கட்டியையும் சேர்த்தே இடிப்பார்கள். ஆனால் அது அன்றைக்கு இடித்து அன்றைக்கே தீர்வது. ஆண்டுப் பொடியில் சேர்த்தால் நாளாக நாளாகப் பெருங்காய மணம் மல்லியின் மணத்தை விழுங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஆண்டுப் பொடி பெருங்காயம் இல்லாமலேதான்.

19 மே 2024

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். எண்ணெயை நன்றாகக் காயவைத்து, வழக்கம்போல எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தாராம். வெந்தயமும் உளுத்தம்பருப்பும் கறுத்துவிட, கறிவேப்பிலை ஈரத்தோடு இருந்ததால் எண்ணெய் முன்கை வரை தெறித்திருக்கிறது. கறிவேப்பிலையைத் துடைத்துப் போடச் சொல்ல மறந்தது என் தவறு. பெருங்காயத்தைப் பொறுத்தவரை தமக்கு இப்போதும் வேறுபாடு தெரியவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். எந்த டப்பா, எப்போது வாங்கியது என்று கேட்டேன். திறந்து மூன்று ஆண்டுகள் ஆகிறதாம், மூடியையும் காணவில்லையாம்.

முதலில் புது டப்பா வாங்குங்கள். பிறகு பேசுவோம்.